ரெண்டு நூல் பட்டமும் நம்ம மலைநாட்டுக் காற்றும்

பவர் கைட் வாங்கப் போகிறேன், எத்தனை மீட்டர் வாங்கட்டும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது எந்த கிரவுண்டில் ஏற்றப் போகிறீர்கள் என்பதைத்தான். இலங்கையின் புத்தளத்துக் கடற்கரையில், கல்பிட்டியில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு தேவையில்லை. அங்கே கடற்காற்று மணிக்கணக்கில் ஒரே சீராக வீசும், அதனால்தான் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ கைட் சர்ஃபிங் செய்ய, அதாவது பட்டம் இழுக்கக் கடலில் பலகை மேல் நின்று சறுக்க, அங்கே வருகிறார்கள். நம்ம பக்கம் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று எங்கே போய் நின்றாலும் காற்று ஒரு மலையைத் தாண்டி, ஒரு சவுக்கு வரிசையைத் தாண்டி, ஒரு லயத்துக் கூரையையும் தாண்டித்தான் நம்மிடம் வந்து சேருகிறது. வரும்போது நேராக வருவதில்லை. ஒரு நிமிஷம் இலை அசையாது, அடுத்த நிமிஷம் தொப்பி பறக்கும். ஆகவே என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மலைநாட்டில் முதல் பட்டம் சின்னதாகவும் கிரவுண்ட் பெரிதாகவும் இருக்க வேண்டும். கடைக்காரர்களும் யூடியூப்காரர்களும் சொல்வது பெரும்பாலும் கடற்கரைக் கணக்கு.

பவர் கைட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் மூங்கில் சிம்பும் கலர்த் தாளும் வைத்துக் கட்டுகிற பட்டத்துக்கு நூல் ஒன்று, குச்சி இரண்டு. இதில் குச்சியே கிடையாது, முழுக்கத் துணி. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் வரிசையாகத் தடுப்புகள், முன் விளிம்பில் வாய் திறந்த அறைகள். காற்று அந்த வாய்களுக்குள் புகுந்து நிரம்பியதும் தலையணை மாதிரி உப்பி, விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். டொமினா ஜால்பர்ட் என்ற அமெரிக்கர் 1964இல் உருவாக்கிய பாராஃபாயில் என்ற யோசனைதான் இதற்கு மூலம், பாராகிளைடரும் இதே குடும்பம்தான். அடிப்பக்கத்திலிருந்து நிறைய மெல்லிய முச்சைக் கயிறுகள் இறங்கி, இடது பக்கம் ஒன்றாகவும் வலது பக்கம் ஒன்றாகவும் சேர, அந்த இரண்டு முனைகளிலிருந்து இரண்டு நூல் நம் இரண்டு கைக்கு வரும். வலது கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது கையை இழுத்தால் இடப்பக்கம். அவ்வளவுதான் ஸ்டியரிங். ஆனால் இது உயரத்தில் போய் அழகாக நிற்பதற்காகச் செய்த பட்டம் கிடையாது, இழுப்பதற்காகச் செய்தது. கையில் பிடித்ததும் தோள்பட்டை வரை அது தெரியும், எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கே அந்த இழுவைதான் காரணம்.

சரி, சைஸுக்கு வருவோம். இணையத்தில் பார்க்கும்போது பலரும் குழம்புகிற இடம் இது. ரெண்டு நூல் பட்டங்களில் 1.3, 1.8, 2.2 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையான அகலம், மீட்டரில். ப்ரிஸம் கம்பெனியின் சைனாப்ஸ் வரிசையில் 140, 170, 200 என்று இருப்பதும் அகலம்தான், சென்டிமீட்டரில். ஆனால் நாலு நூல் பட்டங்களில் 3 மீட்டர், 4 மீட்டர் என்று சொன்னால் அது சதுர மீட்டர் பரப்பளவு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, 2.2 வாங்குவதற்குப் பதில் 3 வாங்கினால் கொஞ்சம்தானே கூட என்று ஓடர் போட்டால், முதல் தடவை பிடிப்பவர் கையில் வரக்கூடாத ஒன்று வந்து சேரும்.

என்னைப் போல ஐம்பது கிலோ சுமாருக்கு எடையுள்ளவருக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் 1.3 முதல் 1.5 வரை போதும். எழுபது, எண்பது கிலோ ஆள் என்றால் 1.7, 1.8. இரண்டு மீட்டருக்கு மேல் போவதைப் பற்றி ஒரு சீசன் முழுவதும் பறக்கவிட்ட பிறகு யோசிக்கலாம். இதைச் சொன்னால், "மலை உச்சியில காத்து மெல்லிசு, அதனால பெருசுதானே வேணும்" என்று ஒரு வாதம் வரும். வாதத்தில் உண்மை இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதே அளவுக்கு இழுவையும் குறையும். ஆனால் காற்றின் வேகம் செய்கிற வேலையைப் பாருங்கள். இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிற காற்று திடீரென்று 30க்குப் போனால் இழுவை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். நம்ம பள்ளத்தாக்குகளில் 15 இலிருந்து 30க்குத் தாவுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். மெல்லிய காற்று குறைக்கிற அந்த ஆறில் ஒரு பங்கு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சின்னப் பட்டத்தில் அந்தத் தாவல் வந்தால் இரண்டு எட்டு முன்னால் இழுபட்டுச் சிரிப்போம், பெரிய பட்டத்தில் வந்தால் குப்புற விழுந்து முகத்தோடு புல்லில் போவோம்.

மூன்று நூல் உள்ள பயிற்சிப் பட்டங்களும் கிடைக்கும், கையில் ஒரு கம்பியைப் பிடித்து ஓட்டுவது. மூன்றாவது நூல் பாதுகாப்புக்கு, கம்பியை விட்டால் பட்டம் அந்த நூலில் மட்டும் தொங்கி இழுவையை இழந்துவிடும், தலைகீழாக விழுந்தாலும் நின்ற இடத்திலிருந்தே திரும்ப ஏற்றலாம். கல்பிட்டிக்குப் போய் கைட் சர்ஃபிங் பழகும் எண்ணம் உள்ளவர்கள் அதை வாங்கட்டும். பட்டத்துக்காகவே பட்டம் வேண்டும் என்பவருக்கு ரெண்டு நூலே நல்லது. விலையும் குறைவு, கைக்கு நேரடியாகப் பேசும்.

நூல் விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நல்ல பட்டத்தோடு டைனீமா என்ற, அவ்வளவாக நீளாத செயற்கை நூல் வரும், சின்ன சைஸுக்கு 50 முதல் 100 கிலோ வரை தாங்குவது, 20 அல்லது 25 மீட்டர் நீளம். மலிவான செட்டில் நைலோன் நூலைப் போட்டுவிடுவார்கள், அது இழுபடும்போது நீளும். நீளுகிற நூலில் நாம் கையை இழுத்ததற்கும் பட்டம் திரும்புவதற்கும் நடுவில் ஒரு தாமதம் வரும், பழகுகிறவருக்கு அந்தத் தாமதம் போதும் எல்லாம் குழம்ப. டைனீமா வழுக்கலானது, பட்டம் நாலைந்து சுற்று சுற்றி இரண்டு நூலும் முறுக்கிக்கொண்டாலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நமக்குக் கீழ்ப்படியும். ஆனால் சூடு தாங்காது, 150 பாகைக்குள்ளேயே உருகிவிடும். இறுக்கமாக இருக்கிற நூலோடு வேறொரு நூல் குறுக்கே உரசினால் அறுந்துவிடும், அதனால் பக்கத்தில் பிள்ளைகள் சாதாரணப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தால் நான் என்னுடையதை விரிப்பதே இல்லை. அப்புறம் இரண்டு நூலும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். வொலிபோல் கம்பத்தில் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டிவிட்டு மறுமுனை வரை நடந்து போய் இழுத்துப் பிடித்தால் தெரிந்துவிடும். சில விரற்கடை வித்தியாசம் இருந்தாலே பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போகும், பழகாதவர் தன் கைதான் சரியில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்.

இனி காற்று. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் அது மழையும் மிஸ்டுமாக வந்து இறங்கும், அங்கே அந்த மாதங்களில் பட்டத்தை மறந்துவிடுவது நல்லது. அதே காற்று மலையைத் தாண்டி ஊவா பக்கம் இறங்கும்போது ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. மட்டக்களப்புக்காரர்கள் கச்சான் என்பார்களே, அந்தக் காற்றுதான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வெலிமடை, பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், பத்தனைப் புல் எல்லாம் காய்ந்து மஞ்சளாகிவிடும், காற்று நாள் முழுக்க வீசும். எங்களுக்கு அதுதான் சீசன். சில நாள் அளவுக்கு மிஞ்சிப்போய் கூரைத் தகரமே ஆடும், அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஹட்டன் பக்கத்துக்காரர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி நல்ல மாதங்கள், அப்போது வடகீழ்க் காற்று மழையை எங்கள் பக்கம் போட்டுவிட்டு அவர்களுக்கு வெயிலைக் கொடுக்கும். மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் இரண்டு பக்கத்துக்கும் பிற்பகல் இடி மின்னல் மாதங்கள். மத்தியானத்துக்கு மேல் மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தால் நூலைச் சுற்ற வேண்டும், முதல் இடி கேட்ட பிறகு இல்லை, கறுப்பைப் பார்த்த உடனேயே.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டும் என்று இல்லை. தேயிலையைப் பார்க்காதீர்கள், மட்டமாக வெட்டிய செடி எந்தக் காற்றுக்கும் அசையாது. சவுக்கு மரத்தைப் பாருங்கள். இலையும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர், பழகுவதற்கு இதைவிட நல்ல காற்று இல்லை. ரோட்டில் தூசியும் காகிதமும் கிளம்பி, சின்னக் கிளைகள் ஆடினால் 20 முதல் 28, சின்னப் பட்டம் கையில் இருந்தால் மட்டும் போகலாம். சின்ன மரங்கள் முழுசாகவே வளைந்து ஆடினால் 29க்கு மேல், புதியவர் தொடக்கூடாது. ஃபோனில் பார்ப்பதென்றால் சராசரி வேகத்தைவிட வீச்சு (gust), அதாவது காற்று திடீரென்று எகிறும்போது வருகிற வேகம், எவ்வளவு என்று பாருங்கள், சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கு வீச்சு போட்டிருந்தால் அந்த நாள் நமக்கானது இல்லை.

கிரவுண்ட்தான் பெரிய பிரச்சினை. தோட்டத்து கிரவுண்ட் என்பது பெரும்பாலும் மலையை வெட்டிச் சமப்படுத்தியது, ஒரு பக்கம் மண் சுவர், எதிர்ப்பக்கம் பள்ளம். காற்று மண் சுவர்ப் பக்கமிருந்து வந்தால் அது சுவரின் மேல் தாண்டி நம் தலைக்கு மேலே போய்விடும், கீழே சுழல் மட்டும்தான் மிஞ்சும். பட்டம் ஏறும், சட்டென்று காற்று போய்த் துணி மாதிரித் தொய்ந்து விழும், விழும்போதே பின்பக்கமிருந்து ஒரு வீச்சு வந்து திரும்ப உப்பும். ஒரு தடை எவ்வளவு உயரமோ அதைப்போல ஏழு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பட்டக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு. பத்து மீட்டர் சவுக்கு வரிசைக்குப் பின்னால் எழுபது மீட்டர். அந்தத் தூரம் எந்தத் தோட்டத்து கிரவுண்டில் இருக்கிறது? அதனால் காற்று பள்ளத்துப் பக்கமிருந்து மேலே ஏறி வருகிற நாளைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் விளிம்பில் நிற்காதீர்கள், அந்த இடத்தில் காற்று மேல்நோக்கி எகிறும். விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே வந்து, கிரவுண்டின் நடுவில் நில்லுங்கள். நூல் 25 மீட்டர் என்றால் நமக்கு இடது வலது இரண்டு பக்கமும் குறைந்தது முப்பது மீட்டரும், பட்டம் போகிற திசையில் ஐம்பது மீட்டரும் ஆள், மாடு, வாகனம், கம்பி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

நுவரெலியாவில் ரேஸ் கோர்ஸ் பரந்த இடம், அதனால் பலருக்கும் அங்கே ஆசை வரும். குதிரைப் பந்தயம் நடக்கிற ஏப்ரல் சீசனில் பக்கத்திலேயே போகாதீர்கள், மற்ற நாட்களிலும் குதிரை நிற்கிறதா என்று பார்த்து, கேட்டுவிட்டு ஏற்றுங்கள். பட்டம் உப்பும்போது வருகிற சத்தத்துக்கே குதிரை மிரளும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே இந்த வேலை வேண்டாம். அப்புத்தளை மலைவிளிம்பு படத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் பள்ளம் விழுகிற ஒரு கோட்டில் நின்று இழுக்கிற பட்டத்தைப் பிடிப்பது ஆபத்து, அதில் பேச்சே இல்லை.

போன ஆகஸ்ட் லீவில் அக்கா மகனுக்குப் பழக்கினேன். புல்லில் பட்டத்தை மல்லாக்கப் போட்டேன், முச்சைக் கயிறுகள் மேலே, பின் விளிம்பு எங்களைப் பார்த்து. கடற்கரையில் பின் விளிம்பின் மேல் மணலை அள்ளிப் போடுவார்கள், நமக்கு மணல் ஏது, ஒரு காலுறையில் மணல் நிரப்பி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். கல் வைக்கக்கூடாது, துணி கிழியும். காற்றுக்கு முதுகைக் காட்டி நூலைப் பிரித்துக்கொண்டே நடந்து, இடது நூல் இடது கைப்பட்டிக்கும் வலது நூல் வலது கைப்பட்டிக்கும்தான் வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். பட்டியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் வைத்ததும் முன் விளிம்பு புல்லிலிருந்து தூக்கியது. நடு அறைகள் முதலில் உப்பின, பிறகு பட் பட் என்று இரண்டு பக்கமும் முனை வரைக்கும் உப்பிக்கொண்டே போனது. முழுசாக நிரம்பிய அந்த நொடியில் பட்டம் ஒரு தரம் நடுங்கிவிட்டு நேரே மேலே பாய்ந்தது.

"சித்தி, என்னைய இழுக்குது!"

"இழுக்கட்டும்டா. கைய எறக்கி இடுப்புக்குப் பக்கத்துல வச்சுக்க."

புதியவர்கள் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்குவார்கள். தூக்கினால் இழுப்பதற்கு இடமே இருக்காது, உடம்பும் முன்னால் சாயும். முழங்கை மடங்கி, கை இடுப்பளவில் இருக்க வேண்டும், பஸ் ஸ்டியரிங் திருப்புகிற மாதிரிச் சுற்றக்கூடாது, ஒரு கையைப் பின்னால் இழுத்தால் போதும். பட்டம் நேர் உச்சிக்குப் போய்விட்டால் இழுவை குறைந்து அமைதியாக நிற்கும், அதுதான் மூச்சு வாங்குகிற இடம். இடது வலது ஓரங்களிலும் அப்படித்தான். எதிரே, நம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, காற்று போகிற திசையின் நடுவில்தான் முழு இழுவையும் இருக்கிறது. அந்த நடுவைப் பட்டம் வேகமாகக் கடக்கும்போது தன் வேகத்தாலேயே இன்னும் காற்றைச் சேர்த்துக்கொள்ளும், இழுவை இன்னும் ஏறும். அதனால் முதலில் உச்சியிலேயே இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டிப் பழகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்து படுத்த எட்டு வடிவம் போடச் சொன்னேன். வட்டம் அடித்தால் எத்தனை வட்டம், எந்தப் பக்கம் என்று வாய்விட்டு எண்ணச் சொன்னேன், பிறகு அதே எண்ணிக்கையை எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் பிரிந்துவிடும்.

கிரவுண்ட் ஓரத்தில் கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர், "ஏ புள்ள, அது பயலத் தூக்கிட்டுப் போயிறாதா?" என்று கேட்டார். சரியான கேள்வி. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டமொன்றின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் அப்படியே மேலே போன வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம், அவர் உயிர் தப்பியது நல்ல காலம். அது பலர் சேர்ந்து பிடிக்கிற ராட்சதப் பட்டம், இந்தச் சின்னத் துணி அப்படிச் செய்யாது. ஆனாலும் விடுவதற்குப் பழகிய பிறகுதான் பிடிப்பதற்கே பழக வேண்டும். ஒரு பட்டியைக் கழற்றி விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடித்தால் பட்டம் காற்றை இழந்து ஒரே நூலில் படபடத்துக்கொண்டு விழும். இதைத் தரையில் நின்று, பட்டம் ஏற்றாமலே, கை தானாகச் செய்யும் வரைக்கும் செய்து பார்க்க வேண்டும். நூலை விரலில் சுற்றுவதோ, இடுப்பில் கட்டிக்கொள்வதோ எந்த நிலையிலும் கூடாது.

கரண்ட் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் அந்தக் கம்பிகள் மலைக்கு மலை தாண்டிப் போகும், தூண் ஒரு மலையில், அடுத்த தூண் எதிர் மலையில், நடுவில் கம்பி தாழ்ந்து தொங்குவது கண்ணுக்கே தெரியாது. கிரவுண்டுக்குப் போனதும் முதலில் தூண்களைத் தேடுங்கள், கம்பி பட்டம் போகிற திசையில் இருந்தால் எவ்வளவு தூரமானாலும் வேறு இடம் பாருங்கள். இரண்டு பட்டியையும் விட்டுவிட்டால் பட்டம் நூலோடு காற்றில் வெகுதூரம் போகும், ஈரமான நூலில் கரண்ட் பாயும். மாட்டிக்கொண்டால் பட்டத்தை மறந்துவிட்டு மின்சாரக்காரர்களுக்குச் சொல்லுங்கள்.

தேயிலைக்குள் விழுந்தால் பதற்றப்பட்டு இழுக்கக்கூடாது. முச்சைக் கயிறுகள் ஒவ்வொரு கவாத்துக் குச்சியிலும் மாட்டியிருக்கும், இழுத்தால் கயிறும் அறும், கொழுந்தும் போகும். நூலைப் பட்டத்திலிருந்து கழற்றிவிட்டு, துணியை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே ஒவ்வொரு கயிறாக எடுக்க வேண்டும். மிஸ்ட் இறங்கினால் துணி ஈரமாகி அறைக்குள் தண்ணீர் தங்கும், அப்படியே பையில் போட்டால் நம்ம ஊர் குளிருக்கு இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கொடியில் தொங்கவிடுங்கள், அடுப்புக்கு மேல் மட்டும் வேண்டாம்.

ஊரில் கடையில் போய் வாங்கக்கூடிய பொருளாக இது இன்னும் ஆகவில்லை, வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்களிடம்தான் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அதனால் இந்த ஆகஸ்டில் பண்டாரவளைப் பக்கம் வருகிறவர்கள் யாருக்காவது சொல்லிவிடுவதற்கு முன் என்னுடையதைப் பிடித்துப் பாருங்கள். 1.4, 1.8 இரண்டும் வைத்திருக்கிறேன். முதலில் 1.4ஐத்தான் தருவேன்.